நீலக் கோடு நெளிந்தால் கண்டென்சர்

டிவி ரிப்பேர் கடைக்கு வீட்டுப் பெரியவர்தான் வருவார். செட்டை ரிக்‌ஷாவில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, எவ்வளவு ஆகும், ஞாயிற்றுக்கிழமை படத்துக்குள் கிடைக்குமா என்று இரண்டே கேள்வி கேட்பார். உள்ளே எது போயிருக்கிறது என்பதில் அவருக்கு அக்கறை கிடையாது. கும்பகோணத்தில் 1992 மகாமகம் முடிந்து கொஞ்ச காலத்தில் எனக்கு இன்னொரு ரகமான வாடிக்கை சேர ஆரம்பித்தது. வயது பத்து, பன்னிரண்டு. தோளில் புத்தகப் பை, பைக்குள் கணக்கு நோட்டுக்கு அடியில் வீடியோ கேம் செட். அடிப்பக்கத்துத் திருகாணிகளில் ஒன்றிரண்டு கட்டாயம் குறையும். என்னிடம் வருவதற்கு முன் அவனே ஒருமுறை திறந்து பார்த்திருப்பான். பெரியவர்களைவிட இந்தப் பையன்கள் நிறையக் கேட்டார்கள். சொன்ன பதிலைக் காது கொடுத்தும் கேட்டார்கள். அதனால்தானோ என்னவோ, காசு அவ்வளவாக நிற்காத அந்த வேலையை நான் விடாமல் பார்த்தேன்.

செட்டுகளின் மேல்மூடியில் பெயர் பலவாக இருக்கும். உள்ளே எல்லாம் ஒன்றுதான்: நிண்டெண்டோ 1983இல் ஜப்பானில் விற்பனைக்கு விட்ட ஃபேமிகாமின் நகல். நம் நாட்டிலேயே லிட்டில் மாஸ்டர் போன்ற பெயர்களில் கடைக்கு வந்தன. சென்னைக்குப் போகிறவர்கள் பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கி வந்தார்கள். ஆனால் எங்கள் பக்கத்துக்கு முக்கியமான வழி விமானம். அய்யம்பேட்டை, ராஜகிரி, பண்டாரவாடை என்று தஞ்சாவூர் சாலையை ஒட்டிய ஊர்களில் பல வீடுகளிலிருந்து ஆட்கள் துபாயிலும் சிங்கப்பூரிலும் இருந்தார்கள். லீவில் வரும்போது தங்கைக்குச் சேலை, அம்மாவுக்குத் தைலம், அக்கா பையனுக்கு வீடியோ கேம்.

எந்த ஊரிலிருந்து வந்த செட் என்று கேட்டாலே பாதி நோய் எனக்குத் தெரிந்துவிடும். துபாய், சிங்கப்பூர் செட்டுகள் தொந்தரவு தராது. அந்த ஊர்களும் நம்மைப் போலவே பால்-பி முறையில் ஒளிபரப்பியவை. படத்துக்கும் ஒலிக்கும் உள்ள இடைவெளி 5.5 மெகாஹெர்ட்ஸ். ஆன்டெனா சொருகும் இடத்தில் செட்டின் ஒயரைச் சொருகி, சேனலைத் திருப்பினால் படம் வந்துவிடும். ஹாங்காங் செட்டில் படம் கண்ணாடி மாதிரி வரும், சத்தம் மட்டும் இரைச்சலாக இருக்கும். அங்கே இடைவெளி 6 மெகாஹெர்ட்ஸ். செட்டின் படத்தையும் ஒலியையும் டிவி சேனலாக மாற்றுவது தகரக் கூட்டுக்குள் இருக்கும் மாடுலேட்டர். அதில் ஒரு சிறு காயில் உண்டு. பிளாஸ்டிக் திருப்புளியால் கொஞ்சம் திருப்பினால் சத்தம் வந்து உட்காரும். ஜப்பானிலிருந்தே வந்த அசல் செட்டுதான் பெரிய பாடு. அதன் அடாப்டர் 100 வோல்ட்டுக்குச் செய்தது. நம் 230இல் சொருகினால் புகை. அதைத் தப்பினாலும், அதன் சேனல் நம் ஊரில் எஃப்எம் ரேடியோ உட்காரும் 90 சொச்சம் மெகாஹெர்ட்ஸில் இருக்கும். அந்தக் கால டிவி ட்யூனர் அந்தப் பக்கமே போகாது. மாடுலேட்டருக்கு முன்னாலேயே வீடியோவையும் ஆடியோவையும் தனித்தனி ஒயராக எடுத்து, விசிஆருக்காக வைத்திருக்கும் பின்பக்கத் துளையில் கொடுக்க வேண்டும். அப்போதும் படம் மேலே ஓடிக்கொண்டே இருக்கும். வி-ஹோல்டு திருகைத் திருப்பி நிறுத்தினால் நிற்கும். நின்றது கறுப்பு வெள்ளையாக நிற்கும், ஏனென்றால் அவர்கள் வண்ணம் அனுப்பும் முறையே வேறு. “மாமா கலர் செட்டுன்னு சொல்லித்தாண்ணே கொடுத்தாரு” என்று ஒரு பையன் கண் கலங்கியது ஞாபகம் இருக்கிறது. மாமா பொய் சொல்லவில்லை.

செட்டைச் சரிசெய்த பிறகு சோதிக்க வேண்டுமே. அதற்குத்தான் மேஜை இழுப்பறையில் ஒரு கேசட் வைத்திருந்தேன். பையன்கள் கான்ட்ரா, மாரியோ என்று உயிரை விடுவார்கள். எனக்கு வேண்டியது பேக்மேன். மஞ்சள் வாய் ஒன்று புள்ளிகளைத் தின்றுகொண்டே ஓடும், நாலு பேய்கள் துரத்தும், அவ்வளவுதான் ஆட்டம். ஆனால் ஒரு மெக்கானிக்குக் கிடைத்த உரைகல் அது.

காரணம் சொல்கிறேன். முதலில், திரை முழுக்கக் கறுப்பு, அதில் நீல நிறத்தில் நேர்கோடுகள். மற்ற ஆட்டங்களில் வானம், மலை, செங்கல் சுவர் என்று கண்ணை இழுக்க ஆயிரம் இருக்கும்; நெளிவு தெரியாது. இந்த ஆட்டத்தின் கோடு நெளிந்து நெளிந்து மேலே ஏறினால் அடாப்டரின் ஃபில்டர் கண்டென்சர் வற்றிவிட்டது என்று அர்த்தம். நெளிவு நகராமல் ஒரே இடத்தில் நின்றால் கோளாறு டிவியில். பக்கவாட்டில் சுவர் உள்வாங்கினால் வோல்டேஜ் குறைவு. கோடையில் ஆற்றில் தண்ணீர் இல்லாமல் சுற்று வட்டாரத்துப் பம்புசெட்டுகள் எல்லாம் ஓடும் மாலை நேரத்தில் எங்கள் தெருவில் அந்தச் சுவர்கள் இரண்டு விரற்கடை உள்ளே வந்துவிடும். கடிகாரமே வேண்டாம், கரண்டின் மணி தெரியும்.

அடுத்தது வண்ணம். கலர் பிக்சர் ட்யூபில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று கன். இந்த ஆட்டத்தின் சுவர் நீலம். ப்ளூ கன் களைத்துப் போன ட்யூபில் முதலில் மங்குவது அதுதான். முழுக்கப் போய்விட்டால் சுவரே இல்லாத வெட்டவெளியில் பேய்கள் கோடு பிடித்தாற்போல் திரும்பித் திரும்பி அலையும், பார்க்க வேடிக்கையாக இருக்கும். பேய்களில் ஒன்று சிவப்பு. அதற்கு ரெட் கன் போதும். ரோஜா நிறத்துக்கு ரெட்டும் ப்ளூவும் சேர வேண்டும். வெளிர் நீலத்துக்குப் பச்சையும் நீலமும். ஆரஞ்சுக்கும் மஞ்சள் வாய்க்கும் சிவப்பும் பச்சையும். ஐந்து உருவங்களை ஒரு பார்வை பார்த்தால் ட்யூபின் ஜாதகம் கையில்.

மூன்றாவது ஜாய்ஸ்டிக். இந்த ஆட்டத்துக்கு ஏ, பி பட்டன் எதுவும் வேண்டாம். மேல், கீழ், இடம், வலம், அவ்வளவுதான். ஜாய்ஸ்டிக்கில் முதலில் சாவதும் அந்த நாலு திசைதான். ரப்பருக்கு அடியில் வட்டமாக ஒரு கரிப் பூச்சு இருக்கும்; அழுத்தினால் போர்டில் உள்ள இரண்டு கோடுகளைச் சேர்க்கும். தேய்ந்துவிட்டால் நாம் திருப்பச் சொன்ன முனையில் வாய் திரும்பாது, நேரே போய்ப் பேயிடம் சிக்கும். சிகரெட் பெட்டியின் வெள்ளிக் காகிதத்தைப் பொட்டாக வெட்டி ஒட்டுவது அன்றைய வைத்தியம். அது சில வாரம் தாங்கும். பழைய கால்குலேட்டரின் ரப்பரிலிருந்து கரிப் பொட்டைப் பெயர்த்து ஒட்டினால் வருஷக்கணக்கில் தாங்கும். சென்னை ரிச்சி தெருவில் எடைக்கு விற்ற கால்குலேட்டர்களை நான் வாங்கியது எதற்கென்று அந்தக் கடைக்காரருக்குக் கடைசிவரை புரியவில்லை.

கேசட் கோளாறுக்கும் இந்த ஆட்டமே போதும். ஃபேமிகாம் கேசட்டில் 60 பின். அதில் ஒரு பகுதி நிரல் வரும் வழி, இன்னொரு பகுதி படங்கள் வரும் வழி, இரண்டும் தனித்தனி. பட வழியில் அழுக்கு என்றால் இசை ஒழுங்காக ஒலிக்கும், திரையில் மட்டும் எழுத்தும் சுவரும் கலைந்து கிடக்கும். நிரல் வழியில் அழுக்கு என்றால் வெறும் சாம்பல் திரை, சத்தமும் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் ஈரக்காற்று அடிக்கும்போது பின்களில் பச்சைப் பாசி போலக் களிம்பு ஏறும். பையன்கள் வாயை வைத்து ஊதுவார்கள். ஊதினால் எச்சில் ஈரமும் சேர்ந்து களிம்பு இன்னும் ஏறும் என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன், ஒருவனும் நிறுத்தவில்லை. ஏனென்றால் ஊதிவிட்டு மறுபடி சொருகினால் படம் வந்துவிடும். வந்தது ஊதியதால் இல்லை, மறுபடி சொருகியதில் பின் உரசியதால். பென்சில் அழிப்பானால் தேய்த்து, கொஞ்சம் வெள்ளைப் பெட்ரோல் தொட்டுத் துடைத்தால் முடிந்தது வேலை.

ஒரு புகார் மட்டும் மறுபடி மறுபடி வரும். “பேய் ஒண்ணு மறைஞ்சு மறைஞ்சு வருதுண்ணே. செட்ல ஏதோ லூசு கனெக்‌ஷன்.” செட்டில் ஒன்றுமே இல்லை. ஃபேமிகாமின் படச் சிப் நகரும் உருவங்களை எட்டுப் புள்ளி அகலத் துண்டுகளாகத்தான் வரையும். திரையின் ஒரு வரியில் எட்டுத் துண்டுக்கு மேல் வராது. பேய் ஒன்றுக்கு அகலத்தில் இரண்டு துண்டு. நாலு பேயும் ஒரே வரிசையில் நின்றால் எட்டும் தீர்ந்தது. மஞ்சள் வாயும் அதே வரிசைக்கு வந்தால் பத்து. யாராவது ஒருவர் மறைந்தே ஆக வேண்டும். இதைக் காகிதத்தில் கட்டம் போட்டுக் காட்டுவேன். ஒத்துக்கொண்டு போகிற பையன் மறுநாள் இன்னொரு பையனைக் கூட்டி வந்து, “அண்ணே, அந்தப் பத்துக் கணக்கை இவன்கிட்டயும் சொல்லுங்க” என்பான்.

இந்த ஆட்டத்தை உண்டாக்கியவர் டோக்கியோவில் நாம்கோ கம்பெனியில் இருந்த தோரு இவாதானி. 1980 மே 22ஆம் தேதி ஷிபுயாவில் முதல் பெட்டியைச் சோதனைக்கு வைத்தார்கள். அது காசு போட்டு ஆடும், ஆள் உயரப் பெட்டி. அதில் டிவி நின்ற வாக்கில் இருக்கும்: அகலத்தில் 224 புள்ளி, உயரத்தில் 288. வீட்டு டிவியோ படுத்த வாக்கு. ஃபேமிகாம் தருவதே உயரத்தில் 240 புள்ளிதான். பெட்டியின் பாதைச் சுவர்கள் மட்டுமே 248 புள்ளி உயரம். ஆகவே 1984இல் ஃபேமிகாமுக்குக் கொண்டுவந்தபோது பாதையைச் சுருக்கி இடது பக்கம் ஒதுக்கி, மதிப்பெண்களை வலது ஓரத்துக்குத் தள்ளினார்கள். பெட்டியில் நிரலுக்கு 16 கிலோபைட், படங்களுக்கு 8. ஃபேமிகாம் கேசட்டிலும் அதே 16, அதே 8. கான்ட்ரா 128 கிலோபைட். அது உட்காரும் இடத்தில் ஐந்து பேக்மேன் உட்காரும். மேலே ‘9999 இன் 1’ என்று அச்சடித்த கேசட்டுகளில் இந்த ஆட்டம் தவறாமல் இருந்ததன் ரகசியம் அதன் அருமை இல்லை, அதன் எடைதான். அந்த 9999இல் எத்தனை உண்மையான ஆட்டம் என்று எண்ணிப் பார்க்கிற முதல் நாளில்தான் இந்த ஊர்ப் பிள்ளைகள் பலர் விளம்பரம் என்றால் என்னவென்று தெரிந்துகொண்டார்கள்.

அமெரிக்காவிலிருந்து திரும்பிய ஒரு குடும்பம் அடாரி 2600 செட்டை ஒருமுறை கொண்டுவந்தது. அதற்கான பேக்மேனை 1982 மார்ச்சில் வெளியிட்டார்கள். எழுதியவர் டாட் ஃப்ரை. உலகமே அந்தக் கேசட்டைத் திட்டியிருக்கிறது. பாதை வேறு மாதிரி, புள்ளிகளுக்குப் பதில் சிறு கோடுகள், பேய்கள் விடாமல் மினுங்கும். ஆனால் அந்தச் செட்டைத் திறந்து பார்த்த எவனும் ஃப்ரையைத் திட்ட மாட்டான். மொத்த நினைவகம் 128 பைட். கிலோபைட் இல்லை, பைட். கேசட்டில் எல்லாவற்றுக்கும் சேர்த்து 4 கிலோபைட். படச் சிப் தருவது இரண்டே உருவம். ஒன்றை வாய்க்குக் கொடுத்துவிட்டால் மிச்சம் ஒன்றைத்தான் நாலு பேயும் முறை வைத்துக்கொள்ள வேண்டும்: ஒரு காட்சிக்கு ஒரு பேய். ஆக, எந்தப் பேயும் நாலில் ஒரு பங்கு நேரம்தான் திரையில் இருக்கிறது. எண்பது பேர் பந்திக்கு இருபது இலையை வைத்துக்கொண்டு ஒருவர் சமாளித்தால் நாம் சமையலைக் குறை சொல்வோமா? அந்தச் செட்டும் ஜப்பான் செட்டைப் போல என்டிஎஸ்சி என்ற வேறு வண்ண முறை. நம் டிவியில் கறுப்பு வெள்ளையாகத்தான் வந்தது. நிறமும் இல்லாமல் மினுங்கிக்கொண்டு ஓடிய அந்த நாலும் உண்மையிலேயே பேய்தான்.

கறுப்பு வெள்ளை என்றதும் வாடகைக் கடை. பொற்றாமரைக் குளத்துப் பக்கம் ஒரு சந்தில் தெரிந்தவர் ஒருவர் நடத்தினார். மணிக்குப் பத்து ரூபாய், அரை மணிக்கு ஐந்து. நாலு செட், நாலுக்கும் பழைய 14 இஞ்ச் கறுப்பு வெள்ளை போர்ட்டபிள் டிவி. கலர் வந்த வீடுகளில் கழித்துப் போட்டவற்றை நான்தான் தேற்றிக் கொடுத்தேன். கோடை விடுமுறையில் வாசலில் செருப்பு குவியும். வெள்ளிக்கிழமை இரவு ஒளியும் ஒலியும் நேரத்தில்கூடக் கூட்டம் குறையாது, ஏனென்றால் அந்த நேரத்தில் வீட்டு டிவி பையனுக்குக் கிடைக்காது. அம்மாக்கள் வந்து காதைப் பிடித்து இழுத்துப் போவதும் உண்டு. “ஏந்தம்பி, நீங்களே சொல்லக்கூடாதா, இவனுக்கு நாளைக்குப் பரீட்சை” என்பார்கள், ஏதோ கடைக்காரர் பள்ளிக்கூட அட்டவணை வைத்திருப்பவர் போல.

காசுப் பெட்டிக்கும் இந்த வாடகைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. சென்னை தீவுத்திடல் பொருட்காட்சியில் அந்த மாதிரிப் பெட்டிகளை நின்று பார்த்திருக்கிறேன். அங்கே ஆடுகிறவன் சீக்கிரம் சாக வேண்டும். செத்தால்தான் அடுத்த காசு விழும். பேய்கள் அவ்வளவு பொல்லாதவையாக இருப்பதே கல்லாவுக்காக. மணிக் கணக்கில் வாடகை வாங்குகிற எங்கள் சந்தில் செத்தாலும் பிழைத்தாலும் அதே பத்து ரூபாய். அவசரம் இல்லாததால் பையன்கள் பேய்களை ஆற அமரப் பார்க்க ஆரம்பித்தார்கள். இங்கேதான் கறுப்பு வெள்ளை வேலை செய்தது. சிவப்புப் பேயும் பயந்து நீலமாக மாறிய பேயும் அந்தத் திரையில் ஏறக்குறைய ஒரே சாம்பல். நிறத்தை நம்ப முடியாது, நடத்தையைப் பார்த்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒருவனுக்கு ‘வால் பிடிக்கிறவன்’ என்று பெயர் வைத்தார்கள், ஒருவனுக்கு ‘குறுக்கே வர்றவன்’, இன்னொருவனுக்குக் ‘கோழை’.

பிற்பாடு பெட்டியின் நிரலைப் பிரித்து ஆராய்ந்தவர்கள் எழுதியதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சிவப்பு நேரே வாய் இருக்கும் கட்டத்தைக் குறி வைக்கும். ரோஜா, வாய் போகிற திசையில் நாலு கட்டம் முன்னால் குறி வைக்கும். ஆரஞ்சு துரத்திக்கொண்டு வந்து, எட்டுக் கட்டத்துக்குள் நெருங்கியதும் தன் மூலையைப் பார்த்துத் திரும்பிவிடும். வெளிர் நீலம் மட்டும் சிவப்பு நிற்கும் இடத்தையும் சேர்த்துக் கணக்குப் போடும். அதனால்தான் அதற்கு எங்கள் பையன்களால் பெயர் வைக்க முடியவில்லை. முதல் பாதையில் எல்லாப் பேயும் ஏழு விநாடி தங்கள் மூலைக்கு ஒதுங்கும், பிறகு இருபது விநாடி துரத்தும், மறுபடி ஒதுங்கும். வீட்டுக் கேசட்டில் இந்தக் கணக்கு அச்சு அசலாக இல்லை, குணம் அதேதான். கலர் டிவி இருந்த வீட்டுப் பிள்ளைகள் இந்தச் சந்துக்கு வந்து ஆடித் தோற்றுப் போவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு நிறம்தான் தெரியும்.

சந்தில் ராஜாவாக இருந்த பையன் ஒருவன் முதல் பாதையைக் கண்ணை மூடிக்கொண்டு முடிப்பான். எந்த முனையில் எப்போது திரும்புவது என்று விரலுக்கே மனப்பாடம். நான் முன்னே சொன்ன ஜப்பான் செட்டை, கறுப்பு வெள்ளையாகவே இருக்கட்டும் என்று அந்த வீட்டில் வைத்துக்கொண்டபோது, இவனை ஆட அழைத்தார்கள். இரண்டாவது திருப்பத்திலேயே பிடிபட்டான். திரும்பவும் ஆடினான், திரும்பவும் பிடிபட்டான். செட்டில் கோளாறு என்று என்னிடம் வந்தார்கள். நம் ஊர்ச் செட்டுகள் விநாடிக்கு 50 காட்சி வரைபவை. ஜப்பான் செட் 60. ஆட்டம் நேரத்தைக் காட்சிக் கணக்கில்தான் எண்ணும். ஆக நாம் இத்தனை நாள் ஆடியதே அசல் வேகத்தில் ஆறில் ஐந்து பங்குதான். சொன்னதும் அந்தப் பையன் முகம் போன போக்கு! ஆனால் அடுத்த வாரமே அறுபதிலும் முடித்துவிட்டான், விரல் கணக்கை எல்லாம் மாற்றிக்கொண்டு.

இரண்டாயிரத்துக்குப் பிறகு எல்லாம் சீக்கிரமாக முடிந்தது. சிடியில் ஆட்டம் வந்தது, பிளேஸ்டேஷன் வந்தது, வாடகைக் கடை பிரவுசிங் சென்டர் ஆனது, பிறகு ஜெராக்ஸ் கடை ஆனது. செட்டுகளும் மலிந்தன, மலிந்ததில் தரமும் போனது. முன்பு சிப்புக்கு ஒரு சாக்கெட்டாவது இருக்கும், கால்களைத் தொட்டு அளக்கலாம். பின்னால் வந்தவற்றில் போர்டின் நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு, மேலே கெட்டிப் பிசின், எல்லாமே அதற்குள். அளக்கக் கால் இல்லாத இடத்தில் மெக்கானிக்குக்கு என்ன வேலை?

இப்போது சிலர் தேடி வருகிறார்கள். அன்று கணக்கு நோட்டுக்கு அடியில் செட்டை ஒளித்து வந்தவர்களில் சிலர்தான். இன்று தலையில் நரை, கையில் கார் சாவி. ‘சுப்’ என்று பெயர் போட்ட, ‘400 இன் 1’ கைக்கருவியைப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்திருப்பார்கள். உள்ளே பழைய நோக்கியா ஃபோனின் பிஎல்-5சி பேட்டரி, உப்பியிருக்கும், மாற்றிவிட்டால் சரி. வேறு சிலர் பரணிலிருந்து பழைய செட்டையே இறக்கிக்கொண்டு வந்து, எல்இடி டிவியில் மாட்டித் தரச் சொல்கிறார்கள். மாட்டலாம். படம் வரும். ஆனால் இந்த டிவிகள் படத்தை வாங்கி, சீர்செய்து, அப்புறம்தான் காட்டும். விரல் அழுத்துவதற்கும் வாய் திரும்புவதற்கும் நடுவில் ஒரு கணம் தாமதம். மெனுவில் ‘கேம் மோடு’ இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள், பாதி குறையும். வாத்து சுடும் ஆட்டத்துக்கான துப்பாக்கி இந்த டிவிகளில் வேலை செய்யவே செய்யாது, அதற்கு என்னிடம் மருந்தில்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால் அடாப்டர். பழையது தொலைந்திருக்கும், வீட்டில் கிடக்கும் ஏதோ ஒன்றைக் கொண்டுவருவார்கள், முள் பொருந்துகிறதே என்று. இன்று கிடைக்கும் அடாப்டர்களில் பெரும்பாலும் நடு முள் பிளஸ், வெளி வளையம் மைனஸ். ஃபேமிகாம் வழிச் செட்டுகள் பலவற்றில் அது நேர் தலைகீழ்: நடுவில் மைனஸ். மாற்றிக் கொடுத்தால் ரெகுலேட்டர் ஐசியோடு போனால் பிழைத்தது, அது கடைக்குக் கடை கிடைக்கும்; கறுப்புப் பொட்டு போனால் செட்டே போனது. ஒன்பது வோல்ட், 850 மில்லி ஆம்பியர், நடுவில் மைனஸ் என்று செட்டின் அடியிலேயே ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஒட்டி அனுப்புகிறேன். புதிதாக வருகிறவர்களிடம் மீட்டரை வைத்து அளந்த பிறகுதான் சுவிட்சைப் போடவே விடுகிறேன்.